புதைந்த நகரத்தைப் படிப்பது எப்படி? புவி இயற்பியல் ஆய்வும் கனிம ஆய்வும்: முழுமையான வழிகாட்டி

துருக்கியில் ட்ராய் நகரத்தின் கோட்டைக்குத் தெற்கே வயல்வெளியாகக் கிடந்த இடத்தில், 1992-ல் தரையின் காந்தப்புலத்தில் உள்ள சிறு மாற்றங்களை அளக்கும் காந்தமானி நீண்ட வரி ஒன்றைக் காட்டியது. கோட்டையிலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி அது ஓடியது. ஜெர்மன் தொல்லியலாளர் மான்ஃபிரெட் கோர்ஃப்மன் தலைமையில் வேலை செய்த குழு, தீயில் வெந்துபோன மண்செங்கல் மதில் என்றுதான் முதலில் அதைப் படித்தது. அடுத்த ஆண்டு தோண்டினார்கள். மதிலைக் காணோம். பாறையில் வெட்டிய அகழி இருந்தது, சுமார் 3 மீட்டர் அகலத்தில்.

கருவியின் மேல் குற்றமில்லை. சுண்ணாம்புப் பாறையில் காந்தத்தன்மை ஏறக்குறைய இல்லை. அதில் வெட்டிய பள்ளத்துக்குள் காலப்போக்கில் மேல்மண் சரிந்து நிரம்பியது. அந்த மண்ணில் காந்தத்தன்மை உள்ள இரும்புக் கனிமங்கள் நிறைய. வெந்த செங்கல் மதிலும் கருவிக்கு இதே மாதிரிதான் தெரியும். கருவி எண்ணைத்தான் தருகிறது. அந்த எண் மதிலா, அகழியா, அடுப்பா என்று சொல்வது மண்ணில் உள்ள கனிமம்.

அதனால்தான் இந்த வழிகாட்டியை வழக்கமான வரிசையில் எழுதவில்லை. பொதுவாக முதலில் கருவி ஆய்வு, பிறகு அகழாய்வு, எல்லாம் முடிந்த பிறகு மிச்சப் பணத்தில் கொஞ்சம் பானை ஓடுகளை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று போகும். கனிம ஆய்வு முதலிலும் வர வேண்டும், கடைசியிலும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடங்கும் முன்

கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். "இந்த மேட்டில் என்ன இருக்கிறது?" என்று எழுதினால் எந்தக் கருவியை எடுப்பது என்றே தெரியாது. "குடியிருப்பு கிழக்கே எங்கே முடிகிறது?", "சூளைகள் ஊருக்குள்ளா, வெளியிலா?", "தெருக்கள் எந்தத் திசையில் ஓடின?" என்று கேட்டால் கருவியும் பரப்பும் தாமாகவே முடிவாகும். சூளையைத் தேட காந்தமானி போதும். கற்சுவரைத் தேட, தரைக்குள் அலையை அனுப்பி எதிரொலியைப் பதியும் ரேடாரோ மண்ணின் மின்தடையை அளக்கும் கருவியோ வேண்டும்.

அனுமதி முக்கியம். இந்தியாவில் அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தோண்டாத ஆய்வுதானே என்று யாரையும் கேட்காமல் இறங்கிவிடாதீர்கள். நிலத்துக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். எந்த மாதம் வயல் காலியாக இருக்கும், எங்கே பழைய கிணறு மூடிக்கிடக்கிறது, எங்கே உழும்போது கொழு தட்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கொழு தட்டும் இடத்தைப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எந்தக் கருவிக்கும் குறையாத தகவல் அது.

படி 1: மண்ணைக் கையில் எடுங்கள்

சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை ஆற்று மணலில் இழுத்து விளையாடியவர்களுக்கு இந்தச் சோதனை புதிதல்ல. காந்தத்தை மெல்லிய பாலித்தீன் பையில் போட்டுக் காய்ந்த மண்ணில் மெதுவாக உருட்டுங்கள். மீசை முளைத்த மாதிரி கறுப்புத் துகள்கள் நிமிர்ந்து நிற்கும். அவற்றில் பெரும்பகுதி மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். பையைப் புறம் திருப்பினால் துகள்கள் உள்ளே வந்துவிடும். அப்படியே கட்டி, எடுத்த இடத்தை எழுதி வையுங்கள். இதே வேலையை மேட்டின் நடுவிலும், மேட்டை விட்டு 200 மீட்டர் தள்ளி ஆள் வசித்த அடையாளம் இல்லாத இடத்திலும் செய்து ஒப்பிடுங்கள். பல இடங்களில் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

ஏன் இந்த வித்தியாசம்? செம்மண்ணுக்கு நிறம் தருவது ஹெமடைட் போன்ற இரும்பு ஆக்சைடுகள். அவற்றின் காந்தத்தன்மை மிகக் குறைவு. சருகும் சாணமும் கலந்த மண்ணின் மேல் அடுப்பு எரியும்போது உள்ளே ஆக்சிஜன் குறைந்து, ஹெமடைட் மேக்னடைட்டாக மாறுகிறது. தீ அணைந்து காற்றுப் பட்டதும் அதில் ஒரு பகுதி மேக்ஹெமைட் ஆகிறது. இரண்டுமே வலுவான காந்தக் கனிமங்கள். பிரெஞ்சு ஆய்வாளர் லெ போர்ன் 1955-ல் இதை விளக்கினார். மனிதர்கள் நூறு வருடம் அடுப்பெரித்த மண் ஆள் வாழாத மண்ணைவிடக் காந்தம் கூடியதாக இருப்பது இதனால்தான். காந்தமானி ஆய்வு பெருமளவு இந்த வேதி மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

அடுத்து, ஒரு பொருள் எவ்வளவு எளிதில் காந்தமாகிறது என்பதை, அதாவது காந்த ஏற்புத்திறனை, அளக்கும் சிறு மீட்டர் கிடைத்தால் ஆறேழு மாதிரிகளை அளந்துவிடுங்கள்: மேல்மண், அடிமண், செங்கல் துண்டு, அந்த ஊர்க் கல், இரும்பு உருக்கிய கழிவான சிட்டம், தரையிட்ட களிமண். செங்கல்லும் சுற்றியுள்ள மண்ணும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தந்தால் காந்தமானியை எவ்வளவு கவனமாகத் தூக்கி நடந்தாலும் அந்தச் சுவர் சரியாகத் தெரியாது. இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

ரேடாருக்கும் ஒரு கைச் சோதனை உண்டு. மண்ணை ஈரப்படுத்தி உள்ளங்கையில் கயிறாகத் திரியுங்கள். உடையாமல் நீளமாகத் திரிந்தால் களிமண் அதிகம் என்று பொருள். ரேடார் அலை சீக்கிரமே செத்துப்போகும். பொலபொலவென்று உதிர்ந்தால் ரேடாருக்கு நல்ல நிலம். அப்புறம் உப்பு. கடலோரத்திலும் உவர்நீர் ஏறும் ஆற்றுக்கரையிலும் ரேடாரை நம்பித் திட்டம் போடாதீர்கள். உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தி அலையை விழுங்கிவிடும்.

படி 2: கட்டம் போடுதல்

20 அல்லது 30 மீட்டர் சதுரங்களாக நிலத்தைப் பிரியுங்கள். மூலைகளைச் செயற்கைக்கோள் கருவியால் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகப் பதியுங்கள். முளைகள் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும். காந்தமானி தூக்குபவரின் பெல்ட் கொக்கி, செருப்பின் ஆணி, கண்ணாடியின் ஸ்குரு, பையில் உள்ள சாவி எல்லாமே அளவைக் கெடுக்கும். சட்டைப் பையில் ஒரு பேனா கிளிப்போடு நடந்து அரை நாள் அளவுகளைத் தூக்கிப்போட வேண்டி வந்தது எனக்கு. அன்றிலிருந்து வேலைக்குப் போகும் முன் காந்தமானிக்கு முன்னால் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நான் நடப்பதில்லை.

கட்டத்தைச் சரியாக வடக்கு தெற்காகப் போடாமல் 20, 30 டிகிரி சாய்த்துப் போடுங்கள். இதற்குக் காரணம் இரண்டு, கீழே வருகின்றன.

படி 3: காந்தமானி

அரை மீட்டர் இடைவெளியில் வரி வரியாக நடக்க வேண்டும். வரியில் 10 அல்லது 12 சென்டிமீட்டருக்கு ஓர் அளவு விழும். பூமியின் காந்தப்புலம் தென் தமிழ்நாட்டில் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). புதைந்த சுவரோ குப்பைக் குழியோ அதில் ஏற்படுத்தும் மாற்றம் பெரும்பாலும் சில நானோடெஸ்லாதான். சூளை என்றால் பத்துகளிலிருந்து நூறுகள் வரை போகும். இரும்புத் துண்டு கிடந்தால் ஆயிரத்தைத் தொடும்.

சூளை ஏன் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது? மேக்னடைட்டை 580 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அது தன் காந்த நினைவை இழக்கிறது. ஆறும்போது அந்த நேரத்துப் பூமியின் காந்தத் திசையைப் பிடித்துக்கொள்கிறது. ஹெமடைட்டுக்கு இந்த எல்லை சுமார் 675 டிகிரி. சூளையின் சுவரும் தரையும் ஒரே இடத்தில் வெந்து அங்கேயே ஆறியவை. எல்லாத் துகளும் ஒரே திசை. செங்கல் சுவர் அப்படி இல்லை. சூளையில் ஒரு பக்கம் பார்த்துக் கிடந்த கல்லைக் கொத்தனார் வேறு பக்கம் திருப்பி வைத்திருப்பார். ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு திசையைக் காட்ட, ஒன்றின் புலத்தை இன்னொன்று பெருமளவு அழித்துவிடும். அதனால் நூறு செங்கல் கொண்ட சுவரைவிட ஒரு சின்ன அடுப்பு பெரிதாகத் தெரியலாம். படத்தில் பெரிய புள்ளியைப் பார்த்ததும் பெரிய கட்டடம் என்று எழுதிவிடக் கூடாது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேலை செய்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஐரோப்பியக் கையேடுகளில் உள்ள படங்கள் நம் ஊருக்குப் பொருந்தாது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால், இங்கே பூமியின் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கிடக்கிறது. ஐரோப்பாவில் அது செங்குத்தாகச் சாய்ந்து தரைக்குள் இறங்கும். விளைவு என்ன? மொத்தப் புலத்தை அளக்கும் கருவியில், நம் ஊரில் காந்தம் கூடிய பொருளின் நேர் மேலே அளவு குறையும். அதற்கு வடக்கிலும் தெற்கிலும் சற்றே ஏறும். செங்குத்துக் கூறை மட்டும் அளக்கும் ஃப்ளக்ஸ்கேட் கருவியில் ஒரு பக்கம் ஏற்றம், மறு பக்கம் இறக்கம், நடுவில் பொருள் இருக்கும் இடத்தில் சுழி.

இதைவிட முக்கியமானது, வடக்கு தெற்காக ஓடும் சுவர். புலத்தின் திசையிலேயே நீளமாகக் கிடப்பதால், அதில் தூண்டப்படும் காந்தம் இரு முனைகளில் மட்டும்தான் வெளியே தெரியும். நடுப்பகுதி கருவிக்குத் தென்படவே மாட்டாது. கிழக்கு மேற்குச் சுவர்கள் வரிசையாகத் தெரிய, குறுக்குச் சுவர்களே இல்லாத விசித்திர ஊர் ஒன்று படத்தில் வரும். திசை பார்த்துக் கட்டிய ஊர்களில் இது பெரிய பிரச்சினை. கட்டத்தைச் சாய்க்கச் சொன்னதற்கு இது ஒரு காரணம்: வடக்கு தெற்காகவே நடந்தால், ஏற்கெனவே மங்கிய அந்தச் சுவர்களுக்கு இணையாகவே நடந்து, அவற்றைக் குறுக்கே வெட்டாமலே போய்விடுவீர்கள். அப்படியும் சந்தேகம் தீராத இடத்தில் ரேடாரை ஓட்டுங்கள். பூமியின் காந்தத் திசை அதைப் பாதிக்காது.

நேரமும் கவனிக்க வேண்டியது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. உச்சிவேளையில் அதனால் தரையின் காந்தப்புலம் 100 நானோடெஸ்லா அளவுக்கு ஏறி இறங்கும். நாம் தேடும் சுவரோ 3 நானோடெஸ்லா. ஒற்றை உணரியோடு நடப்பதாக இருந்தால் பக்கத்தில் அசையாத இன்னொரு காந்தமானியை நிறுத்தி அதன் அளவைக் கழித்தே ஆக வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு உணரிகள் வைத்து வித்தியாசத்தை அளக்கும் கருவியில் இந்தத் தொல்லை தானாகவே கழிந்துவிடும்.

சரி, இவ்வளவு தொல்லைக்கும் பலன் உண்டா? எகிப்தில் நைல் கழிமுகத்தில் உள்ள கன்டீரைப் பாருங்கள். இரண்டாம் ராம்சேஸின் தலைநகரான பி-ராமெஸ்ஸே அங்கே வயல்களுக்கு அடியில் கிடக்கிறது. எட்கர் புஷ் குழுவினர் அங்கே 1980-ல் தோண்டத் தொடங்கினார்கள். 1996 முதல் ஹெல்முட் பெக்கர் சீசியம் காந்தமானியோடு நடந்து நடந்து, சுமார் 2 சதுர கிலோமீட்டர் நகரத்தைப் படமாக்கினார். அந்த அளவு பரப்பைத் தோண்டி முடிக்க ஒரு தலைமுறைகூடப் போதாது.

படி 4: மின்தடை

நான்கு மின்முனைகள், இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, மற்ற இரண்டின் இடையே மின்னழுத்தம் அளப்பது. கல்லும் சுண்ணாம்புத் தரையும் அதிகத் தடை தரும். ஈரம் பிடித்த அகழி குறைந்த தடை தரும். இரண்டு முனைகளைத் தூரத்தில் நிலையாக ஊன்றி, மற்ற இரண்டோடு நகர்ந்து அளக்கும் இரட்டை முனை முறையில், நடமாடும் முனைகள் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் வரைதான் பார்க்கலாம்.

இதில் எல்லாமே ஈரத்தைப் பொறுத்தது. சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்த தரையில் முனை ஒட்டாது. ஐப்பசி மழையில் எல்லாமே ஊறி ஒரே எண்ணாகிவிடும். மழை ஓய்ந்து மேல்மண் காயத் தொடங்கி, அடியில் ஈரம் இருக்கும் தை, மாசி நாள்கள்தான் பொருத்தம். ஒரே வயலை இரண்டு பருவத்தில் அளந்து ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது.

படி 5: தரை ஊடுருவும் ரேடார்

மூன்றில் மிக அழகான படம் தருவது இதுதான். ரோமுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள ஃபலேரி நோவி என்ற ரோமானிய நகரத்தின் முழுப் பரப்பையும், 30.5 ஹெக்டேரையும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் கென்ட் (Ghent) பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் நான்கு சக்கர மோட்டார் வண்டியில் ரேடாரைக் கட்டி இழுத்துப் படமாக்கி 2020-ல் வெளியிட்டார்கள். ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்காமல் கோயில், சந்தைக் கட்டடம், குளியல் கூடம், கட்டடங்களின் அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் தெரிந்தன. சேர்ந்த அளவுகள் 2,800 கோடிக்கு மேல். ஒரு ஹெக்டேரைக் கையால் வரைந்து விளக்க ஏறக்குறைய 20 மணி நேரம் ஆனதாகச் சொன்னார்கள். கருவி ஓட்டுவதைவிடப் படத்தைப் படிப்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை. அதே நகரத்தில் 1990-களில் காந்தமானி ஆய்வும் நடந்தது. இரண்டு படங்களும் ஒன்றில் இல்லாததை மற்றொன்று காட்டுகின்றன.

400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா பெரும்பாலான நகரத் திடல்களுக்குப் போதும். வரிகளுக்கு இடையே அரை மீட்டர் விட்டால் சுவர் கிடைக்கும், உறைகிணறு நழுவிப்போகும். உறையின் குறுக்களவே பல இடங்களில் ஒரு மீட்டருக்குள்தான். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் போங்கள்.

ரேடார் ஆழத்தை அளப்பதில்லை, அலை போய் வந்த நேரத்தைத்தான் அளக்கிறது. காய்ந்த மணலில் அலையின் வேகம் நானோவினாடிக்கு சுமார் 15 சென்டிமீட்டர். ஈரக் களிமண்ணில் 6 சென்டிமீட்டர். போய்வர 40 நானோவினாடி ஆனது என்றால், பாதி நேரம் 20. மணலாக இருந்தால் 3 மீட்டர் ஆழம், களிமண்ணாக இருந்தால் 1.2 மீட்டர். வேகத்தை ஊகித்துப் போட்டால் ஒரு காலகட்டமே மாறிப்போகும். தனியாகக் கிடக்கும் கல்லோ குழாயோ படத்தில் குடை விரித்த மாதிரி வளைவாக விழும். அந்த வளைவின் விரிவை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம். பக்கத்தில் ஆழம் தெரிந்த பொருள் ஒன்று இருந்தால் அதன் மேல் ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: கணினியில் படத்தைச் சீராக்குதல்

குறைவாகச் செய்யுங்கள். ஒவ்வொரு வரியின் சராசரியையும் சுழியாக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டு. வரிவரியாகத் தெரியும் கோடுகள் மறைந்து படம் சுத்தமாகிவிடும். ஆனால் நீங்கள் நடந்த திசையிலேயே ஒரு சுவர் ஓடினால் அதையும் கோடு என்று நினைத்துத் துடைத்துவிடும். கட்டத்தைச் சாய்க்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். மூல அளவுகளைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு, செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசையாக எழுதி வையுங்கள்.

படி 7: சரிபார்க்கத் தோண்டுதல்

கருவி காட்டிய இடத்தில் ஒரு குழி, கருவி ஒன்றுமே காட்டாத இடத்தில் ஒரு குழி. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் அதிகம் கற்றுத் தருவது.

கீழடியை நினைத்துப் பாருங்கள். அங்கும் காந்தமானி, ரேடார், ட்ரோன் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அங்கே பொ.ஆ.மு. 580 என்ற காலக்கணிப்பைத் தந்த கரித்துண்டு 353 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. நடந்து அளக்கும் காந்தமானிக்குச் சிறு பொருள்கள் ஒன்றிரண்டு மீட்டருக்குக் கீழே மங்கிவிடும். வண்டல் மண்ணில் ரேடாரும் மூன்றரை மீட்டர் இறங்குவது கடினம். ஆக, மேலே தெளிவாகத் தெரியும் செங்கல் கட்டுமானங்கள் பிந்தைய ஊராக இருக்கலாம். அதற்கு அடியில் முந்தைய ஊர் கருவிக்குத் தெரியாமல் கிடக்கலாம். வெற்றிடம் என்று படம் சொல்லும் இடத்தை ஊரின் எல்லை என்று எழுதும் முன் கை ஆகரால் நான்கைந்து இடங்களில் துளையிட்டாவது பாருங்கள்.

குழி தோண்டியதும் அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக 5 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை காந்த ஏற்புத்திறனை அளந்துவிடுங்கள். படத்தில் கண்ட மாற்றம் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது இந்த ஒரு வரிசை எண்களில் தெரிந்துவிடும். கழுவாத மண் மாதிரி, செங்கல், சாந்து, ஓடு, சிட்டம் ஆகியவற்றை அடுக்கு வாரியாக எடுங்கள். பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில்.

படி 8: ஆய்வகத்தில் கனிமங்கள்

பொருளைச் சேதப்படுத்தாத முறையிலிருந்து தொடங்குங்கள். முதலில் கைலென்ஸ், பிறகு எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி, அப்புறம்தான் வெட்டுவதும் பொடிப்பதும். கையில் பிடிக்கும் ஒளிர்வுக் கருவி சில வினாடிகளில் தனிமங்களின் பட்டியலைத் தந்துவிடும் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. ஆனால் அது மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும். ஓட்டின் மேல் ஒட்டிய மண்ணையும் உப்புப் படிவையும் அளந்துவிட்டு, பானையை அளந்ததாக நினைத்துக்கொள்வோம். புதிதாக உடைத்த முனையில், குறைந்தது மூன்று இடத்தில் அளக்க வேண்டும். சோடியம் போன்ற எடை குறைந்த தனிமங்கள் அதற்குப் பிடிபடாது.

நான் மிகவும் நம்புவது பழைய முறையைத்தான்: மெல்சீவல். ஓட்டை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 30 மைக்ரான் தடிமனுக்குத் தேய்த்து, துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பது. அந்தத் தடிமனில் குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரிய வேண்டும். மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும் என்று அர்த்தம்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் கிடைத்த மது ஜாடிகளான ஆம்போரா ஓடுகளில் சிலவற்றைக் கையில் எடுத்தாலே, களிமண்ணில் கறுப்பு மணல் தூவிய மாதிரி இருக்கும். சீவலில் அந்தக் கறுப்பு மணிகள் வெளிறிய பச்சையாக மாறும். மேலே உள்ள துருவத் தகட்டையும் நுழைத்தால் நீலமும் ரோஜா நிறமுமாகப் பளீரென்று எரியும். அது ஆகைட், எரிமலைக் குழம்பில் வரும் பைராக்சீன். இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை உள்ள கம்பானியா பகுதி மணலின் அடையாளம் அது. அங்கிருந்து திராட்சை மதுவோடு கப்பலேறிய ஜாடி இது என்று ஒரு மணல் துகள் சொல்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பைராக்சீன் என்றாலே இத்தாலி என்று எழுதிவிட முடியாது. சென்னை பரங்கிமலை, பல்லாவரம் பாறையான சார்னோக்கைட்டிலும் பைராக்சீன் உண்டு; ஆற்று மணலாகி உள்ளூர்ப் பானைகளிலும் கலந்திருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஹைப்பர்ஸ்தீன் வகை. ஒற்றைத் துருவத் தகட்டோடு மேடையைச் சுழற்றினால் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும். ஆகைட்டில் அப்படி மாறாது. மேடையைச் சுழற்றிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சுழற்றாமல் விட்டால் உள்ளூர்ச் சட்டி இத்தாலி ஜாடியாகிவிடும்.

வெளிநாட்டுப் பொருள் என்று நினைத்தது உள்நாட்டுப் பொருளானதும் உண்டு. உட்புறம் பல்சக்கரத்தால் கோலமிட்ட ரௌலட்டட் மட்கலத்தை, 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் மத்தியதரைக்கடல் இறக்குமதி என்று கருதினார். 1997-ல் புனே தக்காணக் கல்லூரியின் கோக்டே, எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு முறையில் (பொடித்த மாதிரியில் பட்டுச் சிதறும் கதிரை வைத்துக் கனிமத்தை அடையாளம் காண்பது) கனிமங்களை ஒப்பிட்டு, அதன் களிமண் வங்காளத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதியைச் சேர்ந்தது என்றார். 2005-ல் அரிக்கமேடு, அனுராதபுரம் உள்ளிட்ட இடங்களின் ஓடுகளில் செய்த தனிம ஆய்வும் அவை ஒரே நிலவியல் மூலத்தைச் சேர்ந்தவை என்றது. ஒரு கனிமப் பட்டியல், வணிக வழியையே திருப்பிப் போட்டது.

பானை எந்தச் சூட்டில் வெந்தது என்பதையும் இந்த எக்ஸ்-கதிர் முறையில் படிக்கிறோம். களிமண் கனிமமான கயோலினைட் ஏறக்குறைய 550 டிகிரியில் குலைந்துவிடும். சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் 650-க்கு மேல் சிதையத் தொடங்கி, 900-க்குள் காணாமல் போகும். சுண்ணாம்பு கலந்த களிமண்ணாக இருந்தால் 850 வாக்கில் கெலனைட் போன்ற புதுக் கனிமங்கள் பிறக்கும். மல்லைட் 1,000-ஐத் தாண்டியதன் அடையாளம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இரண்டாயிரம் வருடம் நிலத்தடி நீரில் கிடந்த ஓட்டின் துளைகளில் புதிதாகக் கால்சைட் படியும். அதைப் பார்த்து "குறைந்த சூட்டில் வெந்தது" என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. சீவலில் பார்த்தால் துளையோரம் பூசிய மாதிரி அது தெரிந்துவிடும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் அந்த ஊர்க் குயவரிடம் களிமண் வாங்கி, சிறு வில்லைகளாகத் தட்டி, 600 முதல் 1,000 டிகிரி வரை நூறு நூறாகச் சுட்டு, ஒவ்வொன்றையும் அளந்து உங்கள் ஓட்டோடு ஒப்பிடுங்கள். புத்தக எண்களைவிட இதை நம்பலாம்.

மணிகளுக்கும் இதே வழிதான். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பெரில், குவார்ட்ஸ் மணிகள் செய்த பட்டறைகள் கிடைத்தன. காங்கேயத்தை அடுத்த படியூரில் பெரில் கிடைக்கிறது. ஆனால் அகேட், கார்னீலியன் மணியின் ஊரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. எல்லாம் சிலிக்காதான் என்பதால், நுண்ணளவில் உள்ள தனிமங்களை அளந்து, சுரங்கத்து மாதிரிகளோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

படி 9: படத்துக்குத் திரும்புங்கள்

கன்டீரில் இந்த இரண்டு வேலைகளும் ஒரே ஊரில் சந்திக்கின்றன. காந்தப் படம் தெருவையும் கட்டடத்தையும் காட்டியது. அங்கே தோண்டியெடுத்த, உருக்கப் பயன்படும் கலங்களான மூசைகளைத் திலோ ரெஹ்ரனும் புஷ்ஷும் ஆராய்ந்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். பொடித்த குவார்ட்ஸையும் தாவரச் சாம்பலையும் உருக்கி அங்கேயே புதிதாகக் கண்ணாடி செய்தார்கள், செம்பு சேர்த்து அதைச் சிவப்பாக்கினார்கள் என்று மூசையின் உட்புறம் ஒட்டிய எச்சம் காட்டியது. கண்ணாடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மூசைக்குள் சுண்ணாம்புப் பூச்சு பூசியிருந்தார்கள். அந்த மெல்லிய வெள்ளைப் படலம் வரை பார்த்த பிறகுதான் அந்த இடத்தைக் "கண்ணாடிப் பட்டறை" என்று பெயர் சொல்லிக் குறிக்க முடிந்தது.

உங்கள் படத்திலும் இதைச் செய்யுங்கள். முதலில் "வலுவான ஏற்றம்", "அதிகத் தடை" என்று மட்டும் எழுதிய வரைபடம் ஒன்று இருக்கட்டும். ஆய்வக முடிவு வந்த பிறகு, "சிட்டம் கலந்த குப்பைக்குழி", "சுண்ணாம்புத் தரை" என்று பெயரிட்ட இரண்டாவது வரைபடத்தைத் தேதியோடு வரையுங்கள். குழி தோண்டிப் பார்த்துப் பெயரிட்டதை முழுக்கோட்டிலும், பார்க்காமல் ஊகித்ததைப் புள்ளிக்கோட்டிலும் போடுங்கள். முதல் வரைபடத்தைக் கிழித்துவிடாதீர்கள், இரண்டையும் சேர்த்தே அறிக்கையில் வையுங்கள். ஒவ்வொரு ஓட்டிலும் பாதியை வெட்டாமல் எடுத்து வையுங்கள். குழியை மூடும் முன் அடியில் ஒரு கை மணலோ பிளாஸ்டிக் வலையோ விரித்துவிட்டு மண்ணைத் தள்ளுங்கள். முப்பது வருடம் கழித்து வேறு கருவியோடு வருபவருக்கு, நீங்கள் எதுவரை தோண்டினீர்கள் என்பது மண்வெட்டி பட்டதுமே தெரிந்துவிடும்.